கேட்கத் தெரியாத மருத்துவமும் சொல்லத் தெரியாத நோயும்

மருத்துவம் என்பது மருந்து மட்டுமன்று. நோயர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்று திருவள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரையறுத்துச் சென்றார். நான்கனுள் ஒன்று குன்றினும் எஞ்சிய மூன்றும் பயனிழக்கும். மருந்துக்கடைகள் தெருவுக்குத் தெரு பெருகிவிட்ட இந்நாளிலும், பெண்டிர் நோய் ஒன்றில் நோயரும் உளர், மருந்தும் உண்டு, அவ்விரண்டையும் இணைத்தற்குரிய அறிவுதான் மருத்துவரிடத்தும் பேணுவோரிடத்தும் போதிய அளவு சென்று சேரவில்லை. அது மாதவிலக்கிற்கு முன் வரும் நலிவு. வாய்விட்டுச் சொல்ல நாணுவதற்குரிய செய்தியாக அதனைத் தள்ளிவைப்பது அறிவுடைமையாகாது. உயிர்போகும் செய்தியில் நாணத்திற்கு இடமில்லை.

காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்தில் உள்ளது மண்ணூர். ஏரியும் கழனியுமாய்க் கிடந்த அப்பகுதியைச் சூழ்ந்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் எழுந்தன. மகிழுந்தும் கைப்பேசியும் மின்னணுக் கருவிகளும் அங்கு உருவாகின்றன. அவற்றைப் பொருத்தும் கைகளுள் பல்லாயிரம், பள்ளியிறுதி முடித்துத் தொலைவூர்களினின்று வந்த இளம்பெண்களின் கைகள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென 706.50 கோடி உருபா செலவில் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதிகளை 2024 ஆகத்து 17 ஆம் நாள் தமிழக முதலமைச்சர் திறந்துவைத்தார். ஒரு பேரூரின் மக்கள்தொகைக்கு நிகரான பெண்கள் ஒரே வளாகத்தில்! இவர்தம் வேலைநேரத்திற்குக் கணக்குண்டு. உருவாக்கும் பொருளுக்குக் கணக்குண்டு. உடல்நலத்திற்கு மட்டும் ஆண்டிற்கொரு முறை எடை பார்ப்பதும் குருதி பார்ப்பதும் போதுமா?

அத்தகையாள் ஒருத்தியை எண்ணிப் பார்க்க. அகவை இருபத்தொன்று. திங்களில் மூன்று கிழமை நல்லபடி வேலை செய்கின்றாள், தோழியரோடு சிரிக்கின்றாள், வீட்டிற்குப் பணம் விடுக்கின்றாள். விலக்கிற்கு முந்திய ஒரு கிழமை மட்டும் அவள் வேறொருத்தியாகின்றாள். சிறுசொல்லுக்கும் சினம், கரணியமின்றிக் கண்ணீர், உறக்கமின்மை, கையில் எடுத்த வேலையில் மனம் நில்லாமை, எதுவும் பிடிக்கவில்லை என்னும் வெறுப்பு, முற்றிய நிலையில், செத்துவிட்டால் என்ன என்னும் எண்ணம். விலக்கு வந்த ஓரிரு நாளில் மழைக்காலத்து முகில் விலகியதுபோல் அத்தனையும் அகன்றுவிடுகின்றன. மேற்பார்வையாளர் அதனைத் திமிர் என்கின்றார். விடுதிக் காப்பாளர் காதல் என்கின்றார். ஊரிலிருக்கும் தாய் கண்ணேறு என்கின்றாள். தொழிற்சாலை மருந்தகத்தில் வலிமாத்திரை ஒன்று கிடைக்கின்றது. இவர்களுள் எவரும் தீயவர் அல்லர். எவருக்கும் எவரும் கற்பிக்கவில்லை என்பதே உண்மை.

இது கற்பனை நோயன்று. மேலைநாட்டார் ஓய்வுநேரத்தில் கண்டுபிடித்த ஒப்பனையும் அன்று. நியூயார்க்கு நகர மருத்துவர் இராபர்ட்டு பிராங்கு என்பார் 1931 இல் பதினைந்து பெண்களின் நிலையை விளக்கி, விலக்கிற்கு முன் வரும் இந்த இறுக்கத்தை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார். 1953 இல் இங்கிலாந்தின் காதரினா தால்தன் அம்மையாரும் இரேமண்டு கிறீன் என்பாரும் இதற்கொரு பெயரிட்டுப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். மருத்துவர்கள் இன்று பி.எம்.எசு. என்று சுருக்கி எழுதுவது அப்பெயரைத்தான். இதன் கடும்வடிவை அமெரிக்க உளநோய் மருத்துவர் கழகம் 1987 இல் தன் நோய்ப் பட்டியலின் பின்னிணைப்பில் ஐயத்தோடு வைத்தது. 2013 இல்தான் முழுநோயாக ஏற்றது. 2019 மே திங்களில் உலக நலப் பேரவை ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பிலும் அது இடம்பெற்றது. பிராங்கு எழுதியதற்கும் உலகம் ஒப்பியதற்கும் இடையே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள்! ஆடவரின் நோயாயின் இத்தனை காலம் பின்னிணைப்பிலே கிடந்திருக்குமா என்று எண்ணத் தோன்றுகின்றது.

தமிழில் இதற்கு வழக்குச்சொல் இல்லை. இல்லாதது வியப்பன்று. தூரம், விலக்கு, ஒதுக்கம், தீட்டு என்று நம் பெண்கள் வழங்கும் சொற்கள் அனைத்தும் அவள் எங்கே அமரவேண்டும் என்பதைச் சொல்கின்றனவேயன்றி, அவளுக்கு என்ன நேர்கின்றது என்பதைச் சொல்வதில்லை. தொல்காப்பியர் ஆண்ட பூப்பு என்னும் அழகிய சொல் முதல் விலக்கிற்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிவிட்டது. பெயரில்லாத நோயை எவளும் மருத்துவரிடம் சொல்லமாட்டாள். ஆகலின் பலர்க்கும் வரும் எளிய வடிவை விலக்குமுன் நலிவு என்றும், சிலரை மட்டும் வாட்டும் கொடிய வடிவை விலக்குமுன் கடுநலிவு என்றும் வழங்கலாம். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் அதனையே கொள்க. சொல் எதுவாயினும் ஆகுக. சொல் ஒன்று வேண்டும் என்பதே இங்குக் கருத்து.

இந்நோயின் இயல்பு வியப்பிற்குரியது. இயக்குநீர்களின் அளவு கூடியோ குறைந்தோ இஃது உண்டாவதில்லை. கடுநலிவு உடையாளுக்கும் இல்லாதாளுக்கும் சூலகம் சுரக்கும் நீரின் அளவு ஒத்தே இருக்கும். இயல்பான அவ்வேற்ற இறக்கத்திற்கு மூளை இயல்பு கடந்து துடிப்பதே நோய் என்று 1998 இல் அமெரிக்க உளநல ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே குருதி ஆய்வில் இது தென்படாது. ஒளிப்படக் கருவியிலும் தென்படாது. ஆய்வுச்சீட்டில் எல்லாம் சரியாக இருக்கின்றது என்று கூறி அவளைத் திருப்பி விடுப்பது, துலாக்கோலால் நீளத்தை அளந்து நீளமே இல்லை என்பது போன்றது. இதனை அளக்கும் கருவி ஒன்றே: நாற்பது பக்கக் குறிப்பேடு. குறைந்தது இரண்டு விலக்குச் சுற்றுகளுக்கு நாள்தோறும் மனநிலை, உறக்கம், சினம், வேலை ஆகியவற்றைக் குறித்து வந்தால், நலிவு விலக்கிற்கு முன் மட்டும் எழுந்து விலக்கின்பின் அடங்குகின்றதா, அன்றி எந்நாளும் நிற்கின்றதா என்பது விளங்கிவிடும். எந்நாளும் நிற்பின் அது வேறு மனச்சோர்வாகவோ, குருதிச் சோகையாகவோ, தைராய்டு சுரப்பியின் கோளாறாகவோ இருக்கலாம். அதற்குரிய மருத்துவம் வேறு.

இக்குறிப்பேட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. பெண் சினந்தால் அது விலக்கின் சினம் என்று நகையாடி ஒதுக்கும் வழக்கம் ஆண்களிடத்து உண்டு. கூலி குறைந்ததற்கும் கழிப்பறைக்குச் செல்ல நேரம் மறுக்கப்பட்டதற்கும் அவள் சினந்தால் அது நோயன்று, நேர்மை. 2021 திசம்பரில் இப்பகுதித் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்தம் தோழியர் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனரே, அச்சினத்திற்கு மாத்திரை தேவையில்லை. நலிவு எது, நேர்மையான சினம் எது என்று பிரித்தறியும் மருத்துவரே நல்ல மருத்துவர். அத்தேர்ச்சி தானாக வருவதன்று, பயின்றே வருவது.

மருந்து இல்லையோ எனில், உண்டு. எளிய நலிவிற்கு உறக்கம், உடற்பயிற்சி, உணவு ஒழுங்கு, அறிவுரைப் பயிற்சி ஆகியனவே பலர்க்குப் போதுமானவை. கடுநலிவிற்குச் செரட்டோனின் என்னும் மூளைப் பொருளின்மேல் வினைசெய்யும் மருந்துகள் பயன்படுகின்றன. அவற்றுள் ஒன்றான புளுவாக்சிட்டினை அமெரிக்க அரசு 2000 இல் இந்நோய்க்கு ஏற்றது. ஏனைய மனச்சோர்வில் இம்மருந்துகள் முழுப்பயன் தரக் கிழமைக்கணக்கில் ஆகும். இந்நோயிலோ சில நாளிலேயே பயன் தெரிகின்றது. ஆகலின் விலக்கிற்கு முந்திய அரைத்திங்கள் மட்டும் உண்ணும் முறையும் உண்டு. சிலருக்குக் கருத்தடை மாத்திரைகளுள் ஒருவகை பொருந்தும். இவற்றுள் யார்க்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். தோழி தந்தாள், கடைக்காரர் தந்தார் என்று உண்ணத்தக்கன அல்ல இவை.

இங்கேதான் 2019 இல் நிகழ்ந்த ஒன்றை நினைவிற்குக் கொணர்தல் வேண்டும். தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள ஏறத்தாழ 100 பெண்களை உசாவித் தாம்சன் இராய்ட்டர்சு அறக்கட்டளை ஓர் ஆய்வுச் செய்தி வெளியிட்டது. விலக்கு வலிக்கெனத் தொழிற்கூடத்தில் தமக்குப் பெயரோ பயன்முடிவு நாளோ இல்லாத மாத்திரைகள் தரப்பட்டன என்று அப்பெண்கள் கூறினர். மருத்துவர் இல்லை, உசாவல் இல்லை, பக்கவிளைவு பற்றி ஒரு சொல் இல்லை. வலியை அறுத்து வேலையை ஓட்டுவதே நோக்கம். மருந்து மட்டும் இருந்து மற்ற மூன்றும் இல்லையெனின் மருத்துவம் எவ்வாறு வாணிகமாக, ஏன், கொடுமையாகத் திரியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எத்துணைப் பேருக்கு இந்நோய் என்னும் வினா எழும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2024 இல் ஆக்சுபோர்டு ஆய்வாளர் வெளியிட்ட கணக்கின்படி, நாட்குறிப்பால் உறுதி செய்யப்பட்ட கடுநலிவு நூற்றுக்கு 1.6 பெண்களுக்கு உண்டு. சிறிய எண் என்று புறந்தள்ளற்க. வல்லம் வடகால் விடுதிகள் நிறைந்திருப்பின், அவ்விகிதப்படி அங்கு மட்டும் ஏறத்தாழ 300 பெண்கள். 2022 இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், இந்நோய் உறுதி செய்யப்பட்டுப் பங்கேற்ற பெண்களுள் மூவரில் ஒருவர் தாம் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றதாகக் கூறினர். தாமே முன்வந்தோரை வைத்துச் செய்த ஆய்வாதலின் அதனை எல்லார்க்கும் பொருத்துதல் முறையன்று. ஆயினும் திங்கள்தோறும் ஒரு கிழமை இறப்பின் வாயிலில் நின்று மீளும் பெண்கள் உளர் என்பதை அது மறுக்கவொண்ணாமல் காட்டுகின்றது. அவ்வெண்ணம் எழுந்தாள் எவளும் தனித்திருத்தல் கூடாது. 14416 என்னும் அரசின் உளநல உதவி எண் இரவும் பகலும் உண்டு என்பது ஒவ்வோர் அறைக்கதவிலும் எழுதப்படல் வேண்டும்.

இனி, மருத்துவரிடத்து உள்ள குறை யாது? அவர் அறிவிலர் என்பதன்று. இந்நோய் இரண்டு வாயில்களுக்கு நடுவே நிற்கின்றது. சென்னையையே எடுத்துக்கொள்க. எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனை 1844 இல் தோன்றியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கமோ 1794. இரண்டும் பழம்பெருமை உடையன. ஒன்றற்கொன்று அணித்தே உள்ளன. விலக்கைப் பற்றியது என்பதால் இந்நோயாள் முன்னதற்குச் செல்லவேண்டியவள். மனத்தைப் பற்றியது என்பதால் பின்னதற்குச் செல்லவேண்டியவள். மகப்பேற்று மருத்துவர் கருப்பையைப் பார்த்துக் குறையில்லை என்பார். உளநல மருத்துவர் அவள் வரும் நாளில் நலிவு நீங்கியிருப்பின் குறையில்லை என்பார். இருவரும் சொன்னது உண்மை. அவள் நோய் மட்டும் அப்படியே இருக்கும். உலக நோய் வகைப்பாடே இதனை மகளிர் நோய்ப் பகுதியில் வைத்து, மனச்சோர்வுப் பகுதியிலும் சுட்டியிருக்கின்றது. ஏட்டில் ஒன்றான இரண்டும் மருத்துவமனையில் ஒன்றாக வேண்டாவா?

பிற நாட்டார் இதற்கு வழி கண்டுள்ளனர். 2008 இல் கனடாவின் மாண்டிரீல் நகரில் பல நாட்டு வல்லுநர் ஒன்றுகூடி, இந்நோயை எவ்வாறு வரையறுப்பது, எவ்வாறு அளப்பது என்று ஒருமித்த முடிவு கண்டு 2011 இல் வெளியிட்டனர். இங்கிலாந்தின் அரச மகப்பேற்று மருத்துவக் கல்லூரி 2007 இல் வெளியிட்டு 2016 இல் புதுப்பித்த வழிகாட்டி, கடும்நலிவுற்றாரைப் பொது மருத்துவர், மகளிர் மருத்துவர், உளநல வல்லுநர், உணவு வல்லுநர் ஆகியோர் கூடிய குழுவால் நோக்குதல் நலம் என்கின்றது. மாதவிலக்குமுன் கோளாறுகளுக்கான பன்னாட்டுக் கழகம் நோயர்க்குத் துணையாவதோடு, மருத்துவர்க்குப் பயிற்சி அளிப்பதையும், இந்நோய் அறிந்த மருத்துவர் எங்குள்ளார் எனப் பட்டியல் தருவதையும் பணியாகக் கொண்டுள்ளது. ஒரு மருத்துவர் தனியே படிப்பதினும் பத்து மருத்துவர் கூடிப் பேசுவதே இதற்குப் பயன்படும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

நமக்கு அது புதிதா? இந்திய மகப்பேற்று மருத்துவக் கழகங்களின் கூட்டமைப்பே 1950 சனவரியில் சென்னையில் பிறந்ததன்றோ? மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டில் குறைந்தது 30 மணி நேரமேனும் தொடர்கல்விக் கூட்டங்களில் பங்கேற்றல் வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க நெறிமுறைகள் வகுத்தன. அம்முப்பது மணியில் ஒரு மணியை இந்நோய்க்கு ஈந்தால் குறைந்துபோவது யாது?

தமிழில் மருத்துவம் கற்பிக்கவொண்ணாது என்பார்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், மானிப்பாயில் இருந்து அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவரை உருவாக்கினார். மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றனை 1857 இலேயே தமிழில் வெளிக்கொணர்ந்தார். 1864 முதல் பாடங்களையே தமிழில் நடத்தினார். பிறநாட்டார் ஒருவர்க்குத் தோன்றிய அவ்வறிவு, தமிழ் பேசும் நோயரை நாள்தோறும் காணும் நம்மவர்க்குத் தோன்றாதிருத்தல் நாணத்தக்கது. மொழிப்பற்று மட்டும் கருதி இது சொல்லப்படவில்லை. இந்நோயின் ஆய்வுக்கருவி சொல். நோயாள் எழுதும் சொல்லே சான்று. மருத்துவர் கேட்கும் சொல்லே ஆய்வு. படபடப்பு, நெஞ்சடைப்பு, மனம் வெறுத்தல், தலை சூடாதல் என்று அவள் சொல்வனவற்றுள் எது எதனைக் குறிக்கும் என்று அறியாத மருத்துவர் நோயை எப்படிக் காண்பார்? தமிழ்ப்பெண்ணைத் தமிழிலும், அங்குப் பணியாற்றும் ஒடியப் பெண்ணை ஒடியத்திலும் கேட்பதே அறம். தாய்மொழி உரிமை நமக்கு மட்டும் உரியதன்று.

இதனைப் பேசினால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் வெற்றச்சம் அன்று. விலக்கு விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலையினின்று ஒதுக்கும் நிலை வரலாம் என்று 2024 சூலையில் இந்திய உச்சநீதிமன்றமே கருத்துரைத்தது. கருநாடக அரசோ 2025 இல் ஆண்டிற்கு 12 நாள் ஊதியத்தோடு கூடிய விடுப்பினை அறிவித்தது. அவ்வழக்கு எவ்வாறு முடியினும், விடுப்பு வேறு, மருத்துவம் வேறு. விடுப்பு குருதிப்போக்கின் நாளுக்கு உரியது; இந்நலிவோ அதற்கு முந்திய கிழமையில் வருவது. மேலும் மருத்துவம் பெற்றாள் வேலையை விடவேண்டியதில்லை, பெறாதாளே விடுகின்றாள். அஞ்சவேண்டியது நோயின் பெயரை அன்று. அவள் குறிப்பேடு மேற்பார்வையாளர் கைக்குச் செல்வதை. ஆதலால் தொழிற்சாலை தரும் ஊதியத்தில் பணியாற்றும் மருத்துவராயினும் நோயாள் சொன்னதை மேலாளரிடம் சொல்லாமை முதல் நெறியாதல் வேண்டும்.

செய்யத்தக்கன சிலவே, செலவும் சிறிதே. தண்டலத்தில் மருத்துவக் கல்லூரி உண்டு. திருப்பெரும்புதூர் வட்டத்தில் அரசு நலநிலையங்களும், தொழிலாளர் ஈட்டுறுதி மருந்தகங்களும், தொழிற்சாலைகள்தோறும் செவிலியரும் உளர். 500 தொழிலாளர்க்கு மேற்பட்ட தொழிற்சாலையில் மருத்துவ அறை வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. இவர்கள் திங்களுக்கு ஒருமுறை, ஈராண்டு மட்டும், மண்ணூரிலோ அணித்தேயுள்ள ஊரிலோ கூடுக. மகளிர் மருத்துவர் ஒருவரும் உளநல மருத்துவர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்க. பெயர் மறைத்து ஒரு நோயாளின் நிலையை எடுத்துப் பேசுக. எவரிடம் எவரை விடுப்பது என்னும் பட்டியலை ஆக்குக; அப்பட்டியல் விடுதிகளில் ஒட்டப்படுக. தமிழில் ஒரு பக்க நாட்குறிப்புத் தாள் அச்சிட்டு மருந்தகங்களில் வைக்க. பெயரில்லா மாத்திரை எந்தக் கூடத்திலும் தரப்படாமை உறுதி செய்க. 2024 இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தார், குருதி அழுத்தமும் சருக்கரையும் பார்க்கும்போதே பெண்தொழிலாளரிடம் இதுபற்றி இரண்டு வினாக்களைக் கூடுதலாகக் கேட்க.

தமிழன்பர்களின் பங்கு யாது எனில், அந்நாட்குறிப்புத் தாளுக்கான சொற்களைத் தேடித் தருவதாகும். அகராதியில் மட்டும் தேடற்க. தாயிடமும் தமக்கையிடமும் மனைவியிடமும் கேட்க. அவர்கள் தம் நலிவை எந்தச் சொல்லால் சொல்கின்றனர் என்று கேட்ட அளவிலேயே வள்ளுவர் கூறிய நான்காம் கூறாகிய பேணுவோர் கடமை நம் வீட்டிலேயே தொடங்கிவிடும். மகளிர் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியையர், விலக்கைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில் விலக்கிற்கு முந்திய கிழமையைப் பற்றியும் இரண்டு சொல் சொல்க. பள்ளியில் அச்சொல்லைக் கேட்டவள் நாளை விடுதியில் தன்னைத் தானே பழிக்கமாட்டாள்.

நோயாள் சொல்லக் கற்றல் வேண்டும். மருத்துவர் கேட்கக் கற்றல் வேண்டும். இரண்டும் கூடாதவரை, மண்ணூரின் தெருக்களில் விடியலில் பேருந்திற்குக் காத்து நிற்கும் பெண்களுள் ஒருத்தி, தன் நோயைத் தன் குணம் என்றே எண்ணி வாழ்ந்துகொண்டிருப்பாள். அது குணமன்று, நோய். நோயாதலின் தீர்வுண்டு என்று அவளிடம் சொல்லவல்ல ஒரு மருத்துவர் அவ்வூரில் இருத்தல் வேண்டும். அவரை உருவாக்குக.